பணப்பை, வங்கி, அடையாளம்: எல்லாம் ஒரே கைப்பேசியிலா?

2025 ஆகஸ்டு 31. சாரா திட்டத்தின் கீழ், 18 வயது நிரம்பிய மலேசியர் அனைவருக்கும் மைகார்டில் 100 ரிங்கிட் கிடைத்த முதல் நாள். ஒரே நேரத்தில் மக்கள் கடைகளில் குவிந்ததால் மைகாசே கட்டண முறை திணறியது. கார்டில் காசு இருந்தும், எடுத்த அரிசிக்கும் எண்ணெய்க்கும் பணம் கட்ட முடியாமல் பலர் கவுண்டரில் நின்றார்கள்.

அன்று நாம் இழந்தது சில மணி நேரம்தான். ஆனால் இன்று ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் தேநீருக்கும் கியூஆர் ஸ்கேன் செய்கிறோம். நிபோங் திபால் தோட்டத்தில் இருப்பவருக்கும் சம்பளம், அரசு உதவி, பிள்ளையின் பள்ளித் தகவல் எல்லாம் கைப்பேசியில்தான். இணையம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோவிட் காலத்தில் லைன் கிடைக்காமல் தோட்டப் பிள்ளைகள் பட்ட பாடு மறக்கக்கூடியதா? கவலை வேறு: எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி.

அந்தச் சாவியைத்தான் மோசடிக்காரர்கள் தேடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் 'கல்யாண அழைப்பிதழ்' என்று ஓர் ஏபிகே கோப்பு வரும். தெரிந்தவர்தானே என்று திறந்து, கேட்ட அனுமதிகளையும் கொடுத்துவிட்டால், கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளை அது படிக்கும். வங்கி அனுப்பும் ஓடிபி எண்ணும் அவர்கள் கைக்குப் போய்விடும்.

இன்னொரு பக்கம், வேலை தேடும் நம் இளைஞர்கள். சில நூறு ரிங்கிட்டுக்கு ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் 'வாடகைக்கு' விடுகிறார்கள். திருட்டுப் பணம் அந்தக் கணக்கு வழியாக ஓடுகிறது. போலீஸ் முதலில் வருவது கணக்குக்குச் சொந்தக்காரரின் வீட்டுக்கு. மலாயில் இதை 'அக்காவுன் கெல்டாய்' என்பார்கள். இதற்கென்றே 2024-இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லித் தப்புவது இனி எளிதல்ல.

வேடிக்கை என்னவென்றால், வேகத்தை விளம்பரம் செய்த வங்கிகளே இப்போது தாமதத்தைப் பாதுகாப்பாகத் தருகின்றன. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா அறிவித்த நடவடிக்கைகளில் ஒன்று, இணைய வங்கிச் சேவையில் முதன்முறை பதிபவருக்குக் காத்திருப்பு நேரம். நம் கணக்கை நாமே உடனே முடக்கும் வசதியும் வந்திருக்கிறது.

வீட்டிலும் அந்த இடைவெளி வேண்டும். பெற்றோரின் பெரிய சேமிப்பை, இணையச் சேவை இணைக்காத தனிக் கணக்கில் வைக்கலாம். கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

பணம் போய்விட்டது தெரிந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் வங்கியின் 24 மணி நேர எண்ணையோ 997-ஐயோ உடனே அழையுங்கள். நிமிடங்களில் அது வேறு கணக்குக்குத் தாவிவிடும்.