போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகமும் பன்னாட்டு வணிகப் பிணக்குகளும்

போடிநாயக்கனூர், தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள நகரம் ஆகும். இந்தியாவில் விளையும் சிறிய ஏலக்காயின் முதன்மையான விற்பனை மையங்களுள் இதுவும் ஒன்று. 2018 முதல் ஐக்கிய அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையே தீவிரமடைந்த வணிகப் பிணக்கு, 2025 இல் இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் சுங்கவரியாகவும் வெளிப்பட்டது. ஏற்றுமதியை நம்பியுள்ள தமிழக நகரங்கள் பல இதனால் பாதிக்கப்பட்டன. ஏலக்காய் வணிகத்தின் நிலை இதிலிருந்து வேறுபட்டது. சுங்கவரியை விட மலையில் பெய்யும் மழை, குவாத்தமாலாவின் விளைச்சல், இறக்குமதி நாடுகள் விதிக்கும் பூச்சிக்கொல்லி எச்ச வரம்பு ஆகிய மூன்றுமே இவ்வணிகத்தைக் கூடுதலாகத் தீர்மானிக்கின்றன.

பின்னணி

ஏலக்காய், மரநிழலும் ஈரப்பதமும் மிகுந்த மலைச்சரிவுகளில் வளரும் பயிர் ஆகும். போடிநாயக்கனூருக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் ஏலமலைப் பகுதி இதற்குப் பெயர் பெற்றது. திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் ஏலக்காய் அரசின் தனியுரிமைப் பொருளாக இருந்தது. அதைப் பயிரிட்டோரில் பலர் போடி, கம்பம் பள்ளத்தாக்கு ஆகிய பகுதிகளிலிருந்து மலையேறிய தமிழர்கள் ஆவர். 1956 ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்புக்குப் பின் தோட்டங்களில் பெரும்பாலானவை கேரளத்திலும் (இன்றைய இடுக்கி மாவட்டம்), வணிகர்களும் கிடங்குகளும் தரம் பிரிக்கும் கூடங்களும் தமிழ்நாட்டிலும் அமைந்தன.

உலகச் சந்தை இப்பகுதிக்குப் புதியதன்று. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறுத் தேயிலை, டாப் ஸ்டேசனிலிருந்து கம்பிவழித் தொங்கூர்தியில் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டு, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் அங்கிருந்து பிரித்தானியாவுக்கும் சென்றது. 1928 இல் மதுரையிலிருந்து போடிக்குத் தொடருந்துப் பாதை திறக்கப்பட்டது. அகலப்பாதைப் பணிக்காக 2010 ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்ட இப்பாதையில், 2023 சூன் மாதம் போடி வரை மீண்டும் தொடருந்து இயங்கத் தொடங்கியது.

ஏல விற்பனை முறை

தமிழில் ஏலம் என்னும் சொல் பயிரையும் விற்பனை முறையையும் குறிக்கும். விற்பனையைக் குறிக்கும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. ஏலக்காய் விற்பனையை மத்திய அரசின் நறுமணப் பொருட்கள் வாரியம் ஒழுங்குபடுத்துகிறது. 1960களில் தோன்றிய ஏலக்காய் வாரியத்தின் பணிகள், 1987 இல் அமைந்த இவ்வாரியத்துடன் இணைக்கப்பட்டன. 2007 இல் மின்னணு ஏலம் அறிமுகமானது. போடிநாயக்கனூரிலும், இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும் ஏல மையங்கள் இயங்குகின்றன.

தோட்டத்தில் பறிக்கப்படும் பச்சைக்காய், 'ஸ்டோர்' எனப்படும் உலர்கூடத்தில் வெப்பக்காற்றில் உலர்த்தப்படுகிறது. ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காயிலிருந்து 1 கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். ஏலத்தில் வணிகர்கள் மாதிரிக் காய்களின் பருமன், பச்சை நிறம், தோலின் தூய்மை ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே விலை கேட்கின்றனர். காயிலுள்ள பூச்சிக்கொல்லி எச்சம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் தரத்துக்கு ஏலத்தில் விலை கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தரத்தையோ இறக்குமதி நாடுகளின் ஆய்வகங்கள் சோதிக்கின்றன. இவ்வணிகத்தின் சிக்கல்களுள் பல இந்த இடைவெளியிலிருந்து தோன்றியவை எனலாம்.

குவாத்தமாலாவின் போட்டி

முதலாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் செருமானியக் காப்பித் தோட்டக்காரர் ஒருவர் நடு அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் ஏலச்செடியை அறிமுகப்படுத்தினார். ஆல்ட்டா வெராப்பாசு பகுதியின் மழைவளம் பயிருக்கு ஏற்றதாக அமைந்தது. அந்நாட்டில் ஏலக்காயை உண்ணும் வழக்கம் மிகக் குறைவு என்பதால் விளைச்சல் ஏறத்தாழ முழுவதும் ஏற்றுமதியாகிறது. சவூதி அரேபியா முதலிய வளைகுடா நாடுகளில் 'கஃவா' என்னும் காப்பிக்கு ஏலக்காய் இன்றியமையாதது. அச்சந்தையில் நெடுங்காலம் முதலிடம் வகித்த இந்தியா, குறைந்த விலைக்கு விற்ற குவாத்தமாலாவிடம் 1980களில் அவ்விடத்தை இழந்தது.

இந்திய ஏலக்காய் இதிலிருந்து மீண்டதற்கு உள்நாட்டுத் தேவையே முதன்மைக் காரணம் ஆகும். இனிப்பு வகைகள், தேநீர், பான் மசாலா ஆகியவற்றுக்கு வட இந்தியச் சந்தைகள் பெருமளவில் ஏலக்காய் வாங்குகின்றன. இன்றும் இந்திய விளைச்சலில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே விற்பனையாகிறது. இச்சந்தையைக் காக்க ஏலக்காய் இறக்குமதிக்கு உயர்ந்த சுங்கவரி விதிக்கப்படுகிறது. அவ்வரியைத் தவிர்க்கும் பொருட்டுக் குவாத்தமாலா ஏலக்காய் நேபாளம் வழியாகக் கடத்தி வரப்படுவதாக உழவர்கள் முறையிட்டு வந்துள்ளனர்.

சீனாவுடன் ஒப்பீடு

2001 இல் உலக வணிக அமைப்பில் இணைந்த சீனா, ஏற்றுமதியை அடிப்படையாகக் கொண்டு விரைந்து வளர்ந்தது. 2018 சூலையில் ஐக்கிய அமெரிக்கா சீனப் பொருட்கள் மீது 25% கூடுதல் வரி விதித்தது. சீனாவும் பதில் வரி விதித்தது. 2025 ஏப்ரலில் இவ்வரிகள் முறையே 145%, 125% என உயர்ந்து, மே மாத உடன்பாட்டுக்குப் பின் குறைக்கப்பட்டன. இப்பிணக்கைச் சீனா இரு வழிகளில் எதிர்கொண்டது. ஒன்று, ஏற்றுமதியை வேறு நாடுகளுக்குத் திருப்பியது. 2020 இல் ஆசியான் கூட்டமைப்பு சீனாவின் மிகப் பெரிய வணிகக் கூட்டாளியாயிற்று. மற்றொன்று, அதே ஆண்டில் உள்நாட்டு நுகர்வுக்கு முதன்மை தரும் 'இரட்டைச் சுழற்சி'க் கொள்கையை அறிவித்தது.

ஆலை முதலாளி வரி மிகுந்தால் பொருட்களைப் பூட்டும் பணியை வியட்நாமுக்கோ மெக்சிகோவுக்கோ மாற்றலாம். ஏலச்செடியை அவ்வாறு மாற்ற இயலாது. நட்ட செடி காய்க்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதே வேளையில், சீனா கொள்கை வகுத்து வளர்க்க முயலும் உள்நாட்டுச் சந்தை ஏலக்காய்க்கு முன்னரே வாய்த்துள்ளது. அயல்நாட்டு வணிகப் பிணக்குகளிலிருந்து போடிநாயக்கனூரைக் காக்கும் அரண் இதுவே.

சுங்கவரியும் எச்ச வரம்பும்

2025 ஆகத்து மாதத்தில் இந்தியப் பொருட்கள் மீதான ஐக்கிய அமெரிக்காவின் கூடுதல் வரி இரு கட்டங்களாக 50% ஐ எட்டியது. ஆடை, இறால் முதலிய தொழில்கள் இதனால் பெரும் நெருக்கடிக்கு உள்ளாயின. நவம்பர் மாதத்தில் காப்பி, தேயிலை, நறுமணப் பொருட்கள் ஆகியவற்றுக்கு அந்நாடு விலக்கு அளித்தது. தன் மண்ணில் போதிய அளவு விளையாத பொருளுக்கு வரி விதித்தால் அச்சுமை சொந்த நாட்டு நுகர்வோர் மீதே விழும் என்பதே இதன் அடிப்படை. ஐக்கிய அமெரிக்கா இந்திய ஏலக்காயின் முதன்மைச் சந்தை அன்று என்பதால் போடியில் இவ்வரியின் நேரடித் தாக்கம் குறைவாகவே இருந்தது.

எச்ச வரம்பின் தாக்கம் இதைவிட ஆழமானது. பூச்சிக்கொல்லி எச்சம் வரம்பை மீறியதைக் காரணம் காட்டி 2018 இல் சவூதி அரேபியா இந்திய ஏலக்காயைத் தடுத்தது. 2024 ஏப்ரலில் சீனாவின் சிறப்பு நிர்வாகப் பகுதியான ஆங்காங்கும், சிங்கப்பூரும் எத்திலீன் ஆக்சைடு எச்சத்தின் பேரில் சில இந்திய மசாலாக் கலவைகளின் விற்பனையை நிறுத்தின. வரியை அரசுகள் பேசிக் குறைத்துக்கொள்ள இயலும்; ஆய்வக முடிவைப் பேச்சுவார்த்தையால் மாற்ற இயலாது.

எச்சம் மிகுவதற்குத் தோட்ட நடைமுறையிலும் காரணம் உண்டு. கட்டப்பனைப் பகுதி உழவர் ஒருவர் தேர்ந்தெடுத்த ஞள்ளானி இனம் 1990களில் பரவியபின் விளைச்சல் பெருகியது. நிழல் குறைந்து உரமும் மருந்தும் மிகுந்தன. இலைப்பேன் தாக்கிய காயின் தோல் சொரசொரப்பாகி விலை குறையும் என்பதால் உழவர்கள் அடிக்கடி மருந்து தெளிக்கின்றனர். பல தோட்டக் காய்கள் வணிகர் கிடங்கில் ஒன்றாகக் கலக்கப்படுவதால், குறைவாக மருந்து தெளித்தவரின் காய்க்குத் தனி விலை கிடைப்பது அரிது.

விலையும் தொழிலாளர்களும்

2018 ஆகத்து வெள்ளமும் அதைத் தொடர்ந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்ததால், 2019 ஆகத்து மாதத்தில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை விலை போனது. விலையை நம்பிப் பயிரிடும் பரப்பு விரிவடைந்தது. 2022 இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2024 இல் இடுக்கியில் கடும் வறட்சி நிலவியது. குவாத்தமாலாவிலும் விளைச்சல் சரிந்தது. விலை மீண்டும் உயர்ந்தது.

இவ்வேற்ற இறக்கம் எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. பெருவணிகர் காயைக் கிடங்கில் வைத்துக் காத்திருக்க இயலும். சிறு உழவர் உரக்கடன், கூலி ஆகியவற்றுக்காக உடனே விற்கிறார். தேனி மாவட்டத்திலிருந்து விடியற்காலையில் சீப்புகளில் நெருக்கமாக அமர்ந்து மலையேறும் பெண்கள் காய் எடுக்கின்றனர். போடியில் வேறு பெண்கள் காய்களைத் தரம் பிரிக்கின்றனர். விலை உயரும்போது இவர்களின் கூலி அதே அளவில் உயர்வதில்லை. விலை வீழும்போது பறிப்புச் சுற்றுகள் குறைந்து வேலை நாட்கள் குறைகின்றன. எச்ச வரம்பைப் பற்றிய விவாதங்களில் அயல்நாட்டு நுகர்வோரின் உடல்நலமே பேசப்படுகிறது. அதே மருந்து தெளிக்கப்பட்ட செடிகளுக்கிடையே அமர்ந்து நாள் முழுவதும் காய் எடுப்போர் இத்தொழிலாளர்களே.

எதிர்காலம்

ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு குவியலின் எச்ச அளவும் விலை கேட்குமுன் அறிவிக்கப்பட்டால், தூய காய்க்குக் கூடுதல் விலை கிடைக்க வாய்ப்பு ஏற்படும். அதற்கு ஏல மையங்களின் அருகே விரைந்து முடிவு தரும் ஆய்வகங்களும், காய் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பதைக் காட்டும் பதிவும் தேவை. உள்நாட்டுச் சந்தை பெரிது என்பதால் இச்சீர்திருத்தத்தைத் தள்ளிப்போட வணிகத்தால் இயல்கிறது. குவாத்தமாலாவின் விளைச்சல் மீளும்போது வளைகுடாச் சந்தையில் போட்டி மீண்டும் கடுமையாகும். அப்போது விலையோடு தூய்மையும் அளவுகோலாக இருக்கும்.