இன்ஜினைப் பிரிக்கும் முன் சோதனைக்குக் கூலி கொடுங்கள்



நமது இதழில் வரி, உரிமம், விலைவாசி என்று எத்தனையோ விஷயங்களைப் பற்றி எழுதி வருகிறோம். ஆனால் நம்மில் பலருக்கு அடிக்கடி கையைக் கடிக்கும் ஒரு செலவைப் பற்றி யாரும் எழுதக் காணோம். அதுதான் சரக்கு வண்டியின் ரிப்பேர் செலவு. பருப்பு, வத்தல் மொத்த வியாபாரத்தில் தலை நரைத்தவன் என்ற முறையிலும், இந்த விஷயத்தில் பணத்தையும் பெயரையும் கெடுத்துக்கொண்டவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

விருதுநகரிலிருந்து சாத்தூர், சிவகாசி லைனுக்குச் சரக்கு போட எங்களிடம் நான்கு சிலிண்டர் பெட்ரோல் வேன் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு ஆவணி மாதம் அது மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. லோடு ஏற்றிப் போகும்போது திடீரென்று இழுவை குறையும், வண்டி குலுங்கும், இன்ஜின் விளக்கு மின்னும். சிறிது நேரத்தில் தானாகவே சரியாகிவிடும். ஓட்டுகிற தம்பி முதல் நாளே என்னிடம், "அண்ணாச்சி, நல்ல ரோட்டுல ஒழுங்கா ஓடுது. பள்ளத்துல இறங்கி ஏறினாத்தான் மிஸ்ஸாகுது" என்று சொன்னார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வண்டியைப் பட்டறையில் விட்டோம். முதலில் நான்கு பிளக்கும் மாற்றினார்கள். பிறகு ஸ்கேனர் போட்டுப் பார்த்து, மூன்றாவது சிலிண்டர் என்று காட்டுவதாகச் சொல்லி அதன் காயிலை மாற்றினார்கள். அதற்கும் அடங்கவில்லை. கடைசியில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்று ஹெட்டைக் கழற்றி, லேத்துக்கு அனுப்பி, வால்வ் வேலையும் செய்தார்கள். பதினொரு நாள் வண்டி நின்றது. பில் 42,000 ரூபாய். வாடகை வண்டிச் செலவு தனி. வண்டி வெளியே வந்த மூன்றாம் நாள், சாத்தூர் போய்ச் சேருமுன்பே பழையபடி மிஸ்ஸிங்.

அன்று நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "நீ ஓட்டுற லட்சணம்தான் இது" என்று கடையில் நான்கு பேர் முன்னிலையில் அந்தத் தம்பியைப் பேசிவிட்டேன். அவர் ஒன்றும் பதில் சொல்லாமல் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு ஒரு நண்பர் சொல்லி வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. "வண்டி ஓட்டுற பையன் எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார். நானே தம்பியின் வீட்டுக்குப் போய் அழைத்து வர வேண்டியதாயிற்று. பள்ளத்தில் மட்டும் மிஸ்ஸாகிறது என்றதும் அவர், "அப்போ பெரும்பாலும் ஏதோ ஒண்ணு ஆடுது. தேய்மானமா இருந்தா எல்லா ரோட்டுலயும்தானே காட்டணும்" என்றார்.

அவர் செய்த முறையை அப்படியே தருகிறேன். சிலிண்டருக்குள் தீப்பிடிக்கச் சரியான அளவு காற்றும் பெட்ரோலும், போதிய அழுத்தமும், நல்ல பொறியும் வேண்டும். இவை சரியான நேரத்தில் ஒன்று சேரவும் வேண்டும். வண்டி நிற்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் 400 முறை தீப்பிடிக்கும். இதில் சில தவறினாலே நமக்குக் குலுக்கல் தெரியும்.

இன்ஜினை ஓடவிட்டு, மிஸ்ஸாகும் நேரம் பார்த்து, இன்ஜெக்டர் சொருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். நல்ல சிலிண்டரை நிறுத்தினால் இன்ஜின் சத்தம் மாறும். மூன்றாவதை நிறுத்தியபோது மாறவில்லை. ஆக, வேலை செய்யாதது அதுதான். பிறகு மூன்றாவதன் காயிலை இரண்டாவதுக்கு மாற்றிப் போட்டார். காயிலில் கோளாறு என்றால் மிஸ்ஸிங்கும் இரண்டாவதுக்குப் போக வேண்டும். போகவில்லை. பிளக்கையும் இன்ஜெக்டரையும் அதேபோல் இடம் மாற்றினார். கோளாறு மூன்றாவதை விட்டு நகரவில்லை. கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்த்ததில் நான்கு சிலிண்டரிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த மீட்டரை ஹெட்டைக் கழற்றுமுன் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அன்று யாரும் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மிச்சம் இருந்தது வயரிங். இன்ஜெக்டருக்கு வரும் சொருகியில் ஒரு சின்ன சோதனை விளக்கை மாட்டினார். விளக்கு மின்னியது. வயரைக் கையால் அசைத்ததும் அணைந்தது. ஒரு கிளிப்பில் உரசி உரசி, மேலுறை பார்வைக்கு நன்றாக இருக்க, உள்ளே செம்புக் கம்பி அறுந்து தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது. ஹெட்டைக் கழற்றியவர்கள் அந்த வயரை ஒதுக்கி வைத்து, வேலை முடிந்ததும் அதே கிளிப்பில் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். மொத்தச் செலவு 1,500 ரூபாய். அதில் பெரும்பகுதி சோதனைக் கூலி.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. எந்தச் சிலிண்டர் என்றுதான் அது சொன்னது. ஏன் என்று கண்டுபிடிப்பது மனிதன் வேலை. நம் பேரேட்டில் கணக்கு இடித்தால் புத்தகம் முழுவதையும் புதிதாக எழுதுவோமா? எந்தப் பக்கத்தில் இடிக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தின் வரிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம். வண்டிக்கும் அதே முறைதான்.

பெரிய வேலைக்குப் பிறகும் மிஸ்ஸிங் இருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள். இது பழைய கோளாறா, புதிய கோளாறா? முன்பு இருந்தது மாறாமல் அப்படியே இருந்தால், செய்த வேலைக்கும் கோளாறுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. கை வைக்காத இடத்தைப் பார்க்க வேண்டும். வேலைக்குப் பின் புதிதாக வந்தது என்றால், கை வைத்த இடத்தைப் பார்க்க வேண்டும். பாதி மாட்டிய சொருகி, முறுக்காத எர்த் வயர், விட்டுப்போன காற்றுக் குழாய், மேனிஃபோல்டில் காற்றுக் கசிவு, ஒரு பல் தள்ளி மாட்டிய டைமிங் இவையெல்லாம் அந்த வகை. டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அங்கே டீசல் ஃபில்டர், லைனில் காற்று, இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் இன்ஜின் விளக்கு மின்னும்போது லோடோடு விரட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதைக்குப் போய், அங்குள்ள விலை உயர்ந்த கன்வர்டரைக் கெடுத்துவிடும்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. "சாயங்காலத்துக்குள் வண்டி வேண்டும்" என்று நெருக்குவது நாம். பார்ட்ஸ் மாற்றினால் பேசாமல் பணம் கொடுப்போம். "சோதித்துப் பார்த்தேன், 500 ரூபாய்" என்றால், "பார்த்ததற்கெல்லாமா கூலி?" என்று கேட்போம். பார்ட்ஸுக்கு மட்டும் பணம் கிடைக்கும் என்றால் மெக்கானிக் பார்ட்ஸைத்தான் மாற்றுவார். நாம்தான் அவரை அப்படிப் பழக்கியிருக்கிறோம்.

ஆகவே, சோதனைக்குத் தனிக் கூலி கொடுங்கள். என்ன சோதித்தார், என்ன அளவு வந்தது என்று எழுதி வாங்குங்கள். ஹெட்டில் கை வைக்குமுன் கம்ப்ரஷன் அளவைக் கேளுங்கள். மாற்றிய பழைய பார்ட்ஸைத் திரும்ப வாங்குங்கள். வண்டிக்கு ஒரு நோட்டுப் போட்டு, எப்போது, எந்த ரோட்டில், என்ன லோடில் கோளாறு வந்தது என்று டிரைவரையே எழுதச் சொல்லுங்கள்.

நான் அந்தத் தம்பியிடம் அதே கடையில், அதே நான்கு பேர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் வேலைக்கு வந்துவிட்டார். நமது சங்கத்தின் மாதக் கூட்டம் ஒன்றுக்கு உறுப்பினர்களின் டிரைவர்களையும் ஒரு நல்ல மெக்கானிக்கையும் அழைத்து, இந்தச் சோதனைகளை நேரில் செய்துகாட்ட ஏற்பாடு செய்யுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அன்றைய காபி, டிபன் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.