துண்டிப்பு எங்கே?



பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களை விட்டுப் பட்டணத்தில் குடியேறிய நம்மில் அநேகருக்கு, ஊரிலிருக்கும் தாயாரின் முகம் கணினித் திரையில்தான் தெரிகிறது.

ஒரு ஞாயிறு மாலை என் வீட்டில் இணைய இணைப்பு நின்றுபோயிற்று. இணைப்புத் தரும் நிறுவனத்தாரைத் தொலைபேசியில் கடிந்துகொண்டேன். பிறகு பார்த்தால், வீடு பெருக்கும்போது ரவுட்டரின் கம்பி கழன்றிருந்தது. கோபத்தில் தாயாரை அழைக்கவும் மறந்தேன். அவர்கள் இரவெல்லாம் உறங்கவில்லை.

அன்று கற்றுக்கொண்ட காரியம் இது: சோதனையை அருகிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கான கருவிகள் விண்டோஸ் கணினியிலேயே உண்டு. தேடும் பெட்டியில் 'சிஎம்டி' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினால் கறுப்புத் திரை திறக்கும். கட்டளைகளையும் ஆங்கிலத்திலேயே தட்டுங்கள்.

முதலாவது, 'ஐபிகான்ஃபிக்'. இது கணினியின் முகவரியையும், 'டிஃபால்ட் கேட்வே' என்னும் ரவுட்டரின் முகவரியையும் காட்டும். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து அது முகவரி பெறவில்லை. கம்பியையும் வைஃபையையும் பாருங்கள்.

இரண்டாவது, 'பிங்' என்று தட்டி, இடைவெளி விட்டு ரவுட்டரின் முகவரியை எழுதுங்கள். கணினி 4 முறை கேட்கும். நான்கிற்கும் பதில் வந்தால் ரவுட்டர்வரை வழி சரி. 1983 டிசம்பரில் அமெரிக்கரான மைக் மூஸ் எழுதிய சிறு நிரல் இது. ஒலியனுப்பி எதிரொலி கேட்கும் சோனார் கருவியின் ஓசையையே இதற்குப் பெயராக்கினார்.

மூன்றாவது, 'பிங் 8.8.8.8'. இது கூகுளின் முகவரி. ரவுட்டர் பதில் தந்தும் இது தராவிட்டால், தடை பெரும்பாலும் ரவுட்டருக்கு அப்பால்தான். இது பதில் தந்தும் இணையதளங்கள் திறக்காவிட்டால், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் சேவையைச் சந்தேகியுங்கள். 'என்எஸ்லுக்கப்' அதைச் சோதிக்கும்.

நான்காவது, 'டிரேசர்ட் 8.8.8.8'. வழியிலுள்ள ரவுட்டர்களை இது வரிசையாகக் காட்டும். நடுவில் நட்சத்திரக் குறிகளைக் கண்டவுடன் தீர்ப்புச் சொல்லாதீர்கள்; சில ரவுட்டர்கள் தாம் பதில் தராமலே தகவலைக் கடத்திவிடும். கடைசிவரை பதில் இல்லையெனில், பதில் வந்த இறுதி வரியைக் குறித்துக்கொண்டு நிறுவனத்தாரிடம் சொல்லுங்கள்.

இங்கே யாவும் சரியானால், ஊரிலிருக்கும் தம்பி மகன் அங்கேயும் இவற்றையே செய்யட்டும்.

ஆனால் இவை எல்லாவற்றிற்கும் முன்பாக, சாதாரணத் தொலைபேசியை எடுத்து, "அம்மா, சுகமாயிருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அதன்பின் கணினியண்டை உட்காருங்கள்.