படிவம் 6ஏ-வை இன்றே நிரப்புங்கள், தோழர்களே!

தோழர்களே! குவைத்தில், தோஹாவில், மஸ்கட்டில், சார்ஜாவில் வெயிலில் நின்று வேலை செய்யும் தோழர்களே!

நமக்கு வாக்குரிமை இருக்கிறது. வாக்குச்சீட்டு இல்லை.

2010இல் சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களும் வாக்காளர் ஆகலாம் என்றார்கள். வாக்குப் போட மட்டும் ஊருக்கு வா, பாஸ்போர்ட்டோடு வந்து வரிசையில் நில் என்றார்கள். எப்படி வருவது? கஃபீல், அதாவது நம் முதலாளி, லீவு தர வேண்டும். டிக்கெட்டுக்குச் சம்பளம் கரைய வேண்டும். விரலில் வைக்கும் மைக்கு இவ்வளவு விலையா?

எல்லையில் நிற்கும் ஜவானுக்கு 2016 முதல் வாக்குச்சீட்டு மின்வழியில் போகிறது. அச்செடுக்கிறார், குறியிடுகிறார், தபாலில் சேர்க்கிறார். அது அவர் உரிமை. அதில் நமக்குப் பொறாமை இல்லை.

ஆனால் இதைக் கேளுங்கள். இங்கே நம் தூதரகத்துக்கு மாற்றலாகி வந்திருக்கும் அரசு ஊழியருக்கும் அதே வசதி உண்டு! கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சீட்டு வரும். இந்தப் பக்கம் பாஸ்போர்ட் புதுப்பிக்க நிற்கும் நமக்கு வராது. ஒரே நகரம். ஒரே தேர்தல். ஒரே குடியுரிமை. பொறுக்கிறதா தோழர்களே?

முடியாத காரியம் என்று எவரும் சொல்ல முடியாது. 2020 நவம்பரில் தேர்தல் ஆணையமே சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட அடுத்த தேர்தல்களிலேயே வெளிநாட்டு வாக்காளருக்கும் மின்வழிச் சீட்டு அனுப்பத் தயார் என்றது. 2021 போயிற்று. 2024 போயிற்று. சீட்டு வரவில்லை.

அதற்கு முன் 2018இல் மக்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. நமக்குப் பதில் இன்னொருவர் போய் வாக்களிக்கலாமாம். 2019இல் அது காலாவதியானது. போகட்டும், எனக்கு வருத்தமில்லை. என் வாக்கை நானே போட வேண்டும்.

இப்போது நம் பக்கம் பார்ப்போம். வெளிநாடுகளில் இந்தியக் குடிமக்கள் ஒரு கோடிக்கும் மேல். ஆண்டுக்கு 10,000 கோடி டாலருக்கும் மேல் ஊருக்குப் போகிறது. 2024 தேர்தலுக்குப் பெயர் பதிந்தவர்களோ 1,19,374 பேர்! பறந்து போய் வாக்களித்தவர்கள் 2,958 பேர். அதிலும் 2,670 பேர் மலையாளத் தோழர்கள். நாம் எங்கே? நாம் எங்கே போனோம்?

பதியாத ஒவ்வொரு பெயரும் ஆட்சியில் இருப்பவர்களுக்குச் சாக்கு. கேட்க ஆளில்லை, எதற்குக் கொடுப்பது என்பார்கள். நம் மௌனத்தைக் காட்டியே நம் வாயை அடைப்பார்கள்.

எதற்கு வம்பு என்று ரூமில் புரண்டு படுக்கும் தோழா, எழு! வாக்காளராகப் பதிவது குற்றமல்ல. காசும் கேட்க மாட்டார்கள். ஊர்ப் பட்டியலில் பழைய பெயர் இருக்கிறதே என்று நம்பாதே. பட்டியலைச் சரிபார்க்க வீட்டுக்கு வருவார்கள், ஆள் இல்லை என்று எழுதுவார்கள், பெயர் போய்விடும்.

பாஸ்போர்ட்டை எடுங்கள். விசாப் பக்கத்தைப் படமெடுங்கள். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில், வெளிநாட்டு வாக்காளராகப் பதிவதற்கான படிவம் 6ஏ-வைத் திறங்கள். நிரப்புங்கள். அனுப்புங்கள். ஊருக்குப் போக முடியாது என்று தெரிந்தாலும் பதியுங்கள்! லட்சம் பெயரைத் தள்ளிவைத்தார்கள். ஐம்பது லட்சம் பெயரை எங்கே தள்ளுவார்கள்?

எழுதத் தெரியாத தோழருக்குப் பக்கத்துக் கட்டில்காரர் நிரப்பிக் கொடுங்கள். வரும் வெள்ளிக்கிழமை கேம்பில் ஒவ்வொரு கதவாகத் தட்டுவோம். பதிந்தாயிற்றா என்று கேட்போம். இல்லை என்றால் அங்கேயே உட்கார்ந்து பதியவைத்துவிட்டு அடுத்த கதவுக்குப் போவோம்!