கியூ.ஆர். படிப்பித்தது யார்?



2022 ஜூலையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெட்ரோல் ஷெட் வரிசையில் இரவு பகலாய்க் கிடந்த நேரம்தான் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் வந்தது. அடையாள அட்டை இலக்கமும் வாகனத்தின் செசி நம்பரும் கொடுத்து, போனுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டு, கியூ.ஆர். எடுக்க வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் த்ரீவீலுக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும், கோல் எடுப்பதைத் தவிர போனில் வேறொன்றும் தொடாத த்ரீவீல் நானாமார் பலர் சில நாட்களில் இதைப் பழகிக்கொண்டார்கள். யாரும் வகுப்பு வைக்கவில்லை, நோட்ஸ் கொடுக்கவில்லை. தேவை இருந்தது. வரிசையில் நின்றவர் காட்டிக் கொடுத்தார். பிழைத்தால் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். தெரிந்ததும் அடுத்தவருக்குக் காட்டினார்கள்.

ஆசிரியர் கலாசாலையில் 'கட்டுருவாக்கவாதம்' என்று நாங்கள் படித்தது இதைத்தான். அறிவை ஒருவர் ஊற்ற மற்றவர் வாங்குவதில்லை. தெரிந்ததன் மேல் தெரியாததைத் தானே கட்டிக்கொள்கிறார். வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். பிரேசிலில் போலோ பிரெய்ரே 1963இல் அங்கிக்கோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளருக்கு 40 மணித்தியாலப் பாடத்தில் எழுத்தறிவித்தார். பாடத்துக்கான சொற்களை அவர்கள் வாழ்க்கையிலிருந்தே எடுத்தார். திரையில் படமும் காட்டினார். ஆனால் அந்தப் படத்தைப் பற்றிப் பேசியது படிக்க வந்தவர்கள்.

இப்போது பெரியவர்களுக்கென்று நடக்கும் போன் வகுப்புகள் எப்படி? புரொஜெக்டர், ஒரு மணித்தியாலப் பேச்சு, கடைசியில் சான்றிதழ். வீட்டுக்குப் போனதும் போன் மகன் கைக்குப் போகிறது. மகன் வீட்டில் இல்லாத நாளில் உம்மா ஓ.டி.பி.யைக் கடைப் பையனிடம் சொல்கிறார். சிலநேரம் கோல் எடுத்த முகம் தெரியாதவனிடமும் சொல்லிவிடுகிறார். பேங்க் காசு போவது இப்படித்தான்.

தேவை மட்டும் போதும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. அன்று காசு கொடுத்துக் கடையில் கியூ.ஆர். அச்சடித்தவர்களும் நிறைய. அவர்களுக்கும் தேவை இருந்தது. பொறுமையாகப் பக்கத்தில் நிற்க ஆள் இருக்கவில்லை. ஆசிரியரின் வேலை அதுதான்.

ஆகவே பள்ளிவாசல் மண்டபத்திலோ வீட்டு முன்ஹோலிலோ வகுப்பு வைக்கப் போகிறவர்களிடம் எங்கள் வேண்டுகோள்: பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். என்ன பழக வேண்டுமென்று முதலில் அவர்களிடமே கேளுங்கள். லைட் பில் கட்டுவதா, டொக்டருக்கு நம்பர் போடுவதா, பாடசாலையிலிருந்து சிங்களத்தில் வரும் வாட்ஸ்அப் செய்தியை விளங்கிக்கொள்வதா? அதிலிருந்தே தொடங்குங்கள். அவர்களுடைய போனை நீங்கள் வாங்கி அழுத்தாதீர்கள். எவ்வளவு சுணங்கினாலும் அவர்கள் விரலே அழுத்தட்டும். பழகியவர் பக்கத்திலுள்ளவருக்குக் காட்டட்டும்.

சான்றிதழ் தேவையில்லை. அடுத்த மாத பில்லை உம்மா தனியே கட்டினால் வகுப்பு பாஸ்.