வியர்வைக்குக் கம்பளி

சென்னையை அடுத்த பட்டாபிராமில் காலை நடைக்குக் கம்பளி டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போகச் சொன்னால், சொன்னவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர். கம்பளி என்றால் இங்கே ஊட்டிப் பயணத்துக்கு எடுத்துவைக்கும் ஸ்வெட்டரும், மார்கழியில் தாத்தாக்கள் மாட்டும் குரங்குக் குல்லாவும்தான் நினைவுக்கு வரும். (அந்தக் குல்லாவும் பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக் இழை.) ஆனாலும் அந்த யோசனையைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

இன்று ஓடுகிறவர், நடக்கிறவர், ஜிம்முக்குப் போகிறவர் என எல்லோர் உடம்பிலும் இருப்பது பாலியெஸ்டர். 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் உருவாக்கிய இந்த இழை, ஈரத்தைக் கிட்டத்தட்ட வாங்குவதே இல்லை. சராசரி ஈரப்பதமுள்ள காற்றில் கம்பளி தன் எடையில் சுமார் 16 விழுக்காடு ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். பருத்தி 8 விழுக்காடு. பாலியெஸ்டரோ அரை விழுக்காடுகூட இல்லை. வியர்வையைத் துணியின் மேற்பரப்புக்குக் கடத்தி, அங்கிருந்து காற்றில் ஆவியாக்குவதுதான் அதன் உத்தி. காற்று உலர்ந்திருக்கும் ஊரில் அது நன்றாகவே வேலை செய்யும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை போக வழியில்லாமல் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது.

அடுத்தது வாடை. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பேரைச் சைக்கிள் பயிற்சி செய்யவைத்து, அவர்களின் டி-ஷர்ட்டுகளை மறுநாள் முகர்ந்து பார்க்க ஒரு குழுவையே அமர்த்தினார்கள். பாவம் அந்தக் குழு. பருத்தியைவிடப் பாலியெஸ்டர்தான் அதிகம் நாறியது என்று 2014-இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. நாற்றத்துக்குக் காரணமான மைக்ரோகாக்கஸ் நுண்ணுயிரிகள் பாலியெஸ்டரில் நன்றாக வளர்ந்திருந்தன. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் அதற்கு முன்பே கம்பளி, பருத்தி, பாலியெஸ்டர் மூன்றையும் ஒப்பிட்டிருந்தது. வாடை மிகக் குறைவாக இருந்தது கம்பளியில். ஜிம்மை முடித்த கையோடு இந்து காலேஜ் நிலையத்தில் மின்சார ரயில் பிடிக்கிறவருக்கும், 2024 நவம்பரில் திறந்த பட்டாபிராம் டைடல் பார்க்கில் வேலைக்கு நுழைகிறவருக்கும் இது சின்ன விஷயம் அல்ல.

விளையாட்டுக்குக் கம்பளி புதிதும் அல்ல. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டை தொடக்கத்தில் முழுக் கம்பளி. 1947-இல் செயற்கை நூல் நிறுவனம் ஒன்று புரவலராக வந்து கலப்பு நூலைப் புகுத்தியபோது, லூயிசன் போபே என்ற பிரெஞ்சு வீரர் அதை அணிய மறுத்துவிட்டார். செயற்கை நூல் அதிகம் வியர்க்கவைக்கும், அது சுகாதாரமல்ல என்பது அவர் வாதம். பந்தயம் நடப்பதோ ஜூலை வெயிலில்!

உடம்பை அரிக்குமே என்பது அடுத்த பயம். அது இழையின் தடிமனைப் பொறுத்தது. நம் தலைமுடி 50 மைக்ரானுக்கு மேல் இருக்கும். நயமான மெரினோ இழை 20 மைக்ரானுக்கும் கீழே. கடைகளில் அடுக்கியிருக்கும் முரட்டுக் கம்பளிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் அந்த நய இழை உள்ளூரில் கிடைப்பது கடினம். திருவள்ளூர் மாவட்டத்தில் மேயும் மெட்ராஸ் ரெட் செம்மறிக்கு உடம்பில் இருப்பது வெறும் முடி. அதை வளர்ப்பது இறைச்சிக்காக. தமிழ்நாட்டில் நயமான கம்பளி தருவது 19-ஆம் நூற்றாண்டில் மெரினோ போன்ற வெளிநாட்டு இனங்களோடு கலந்து உருவான நீலகிரி ஆடு. அதன் எண்ணிக்கை குறைந்துபோய், சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் அதைக் காப்பாற்றப் பாடுபடுகிறது. எனவே நூல் ஆஸ்திரேலியாவிலிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் விலை பாலியெஸ்டரைப் போலப் பல மடங்கு.

பாலியெஸ்டரின் மலிவிலும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒரு தடவை மெஷினில் துவைத்தால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் உதிரக்கூடும் என்று 2016-இல் பிளிமத் பல்கலைக்கழகம் கணக்கிட்டது. பாலியெஸ்டரும் லட்சக்கணக்கில் உதிர்க்கிறது. கரூர் நிறுவனம் ஒன்று பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து தயாரித்த பாலியெஸ்டர் துணியில் தைத்த மேலாடையைப் பிரதமர் 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்தார். குப்பைக்குப் போகும் பாட்டில் சட்டையாவது நல்லதுதான். ஆனால் தினமும் துவைக்கும் விளையாட்டு உடைக்கு அது பொருந்துமா? மறுசுழற்சி செய்தாலும் இழை உதிரத்தானே செய்யும்.

கம்பளியிலும் குறைகள் உண்டு. பாலியெஸ்டரை விட மெதுவாகத்தான் காயும். வெந்நீரில் போட்டால் சுருங்கிவிடும், துவைகல்லில் அடிக்கக் கூடாது, அலமாரியில் பூச்சி அரிக்கும். ஆட்டின் பின்புறத் தோலை அறுத்தெடுக்கும் மியூல்சிங் என்ற கொடுமையை நியூசிலாந்து 2018-இல் தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் அது இன்னும் முழுதாக ஒழியவில்லை. வாங்குகிறவர் அதையும் விசாரிக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் கால்பந்து ஆடுகிறவருக்குப் பாலியெஸ்டரே வசதி.

கம்பளி இங்கே எடுபடுமா என்பதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டு. பட்டாபிராமுக்குப் பக்கத்திலேயே, ஆவடியில், 1961 முதல் ராணுவச் சீருடை தைக்கும் ஆலை இருக்கிறது. பின்னலாடைக்குத் திருப்பூர் இருக்கிறது. மெல்லிய மெரினோவும் பருத்தியும் கலந்த பயிற்சி பனியனைச் சிறிய அளவில் தைத்து, ஆவடிக் காவல் பட்டாலியன்களின் பயிற்சியாளர்களுக்கு ஒரு கோடை முழுக்கக் கொடுத்துப் பார்க்கலாம். சென்னை வெயிலில் எந்தத் துணி தாங்கும் என்பதை அவர்களை விட நன்றாகச் சொல்ல ஆளில்லை. அதுவரை, மெரினோவுக்குக் காசு கட்டுப்படியாகாதவர் அரை மணி நேர நடைக்குத் திருப்பூர்ப் பருத்தி பனியனையே போட்டுக்கொள்ளலாம்; நனைந்து கனத்தாலும், வீடு திரும்பும்போது பாலியெஸ்டர் அளவுக்கு நாறாது.