"வீடு எங்கேடா?" என்றால் சுவரைக் காட்டுகிறான்!

குருவிக்குக் கூடு. எலிக்கு வளை. மனிதனுக்கு வீடு. சிறப்புப் பள்ளி வகுப்பில் படம் தொங்குகிறது. சிவப்பு ஓடு, பச்சை மரம், பக்கத்தில் கிணறு!

சென்னையில் அப்படி வீடு எங்கே இருக்கிறது? மற்றப் பிள்ளைகளுக்கு இதனால் நஷ்டமில்லை. படம் வேறு, நம்ம வீடு வேறு என்று தானாகப் புரிந்துகொள்வார்கள். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு அங்கேதான் சிக்கல். ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்தில் பொருத்திப் பார்ப்பது அவனுக்கு லேசில் வராது. டீச்சர்களுக்குத் தெரியாத சங்கதியா இது? தெரிந்தும் படத்தை மாட்டுகிறார்கள்!

"மனுஷனுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால், "சோறு, தண்ணி, காத்து, வீடு" என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பான். கைதட்டல் கிடைக்கும். "உங்க வூட்டுல தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேளுங்கள். திருதிரு என்று விழிப்பான்.

பெரும்பாக்கத்தைப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து ஏராளமான குடும்பங்களை அங்கே அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். ஒரே மாதிரி கட்டடம். ஒரே மாதிரி கதவு. பெரியவர்களுக்கே தலை சுற்றும். ஆற்றங்கரையில் மரத்தையும் டீக்கடையையும் பார்த்து வீடு கண்டுபிடித்த பிள்ளை என்ன செய்வான்? பிளாக் நம்பர், மாடி, கதவு நம்பர். அவனுக்கு இதுதான் பாடம்.

வழி தவறி சென்ட்ரல் ஸ்டேஷனில் நிற்கிறான் என்று வையுங்கள். "வீடு எங்கேப்பா?" என்று போலீஸ்காரர் கேட்டால், "சிவப்பு ஓடு, பச்சை மரம்" என்றா சொல்வான்?

தண்ணீரும் அப்படித்தான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஊரே லாரிக்குக் காத்துக் கிடந்தது. எந்தக் குடம் குடிக்க, எந்த பக்கெட் கழுவ என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? ஒரு குடம், ஒரு மூடி, ஒரு டம்ளர் போதும், வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கலாம். கக்கூஸ் கதவைத் தாழ் போடுவது, திறப்பது, காஸ் நாற்றம் வந்தால் அம்மாவைக் கூப்பிடுவது எல்லாம் இதோடு சேர்ந்ததுதான்.

குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நல்லதுதான். அந்த வருஷங்களில் என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

"வெளியே கூட்டிப் போனா யார் பொறுப்பு?" என்பார்கள் டீச்சர்கள். நியாயம்தான். ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளை, பத்தும் பத்து விதம். ஆனால் இன்று பெரும்பாலான வீட்டில் செல்போன் இருக்கிறதே! வாசல் கதவு, குழாய், அடுப்பு, கக்கூஸ். நாலு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் எந்தத் தாய் மாட்டேன் என்பாள்?

அதைப் பெரிதாக அச்சடித்து, ஓட்டு வீட்டுப் படத்தைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் மாட்டுங்கள்.